பயிற்றுநரின் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன விலை?

திருகோணமலையில் ஜிம் வேலைக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, மாசம் எவ்வளவு வரும்?" என்பதைத்தான். அப்படிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. வாடகையும் பெற்றோல் செலவும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மாதத் தொகை ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது அவர்களை ஏமாற்றுவதற்குச் சமம் என்பது, இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் நின்ற பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது. பயிற்றுநர் விற்பது தன் மணித்தியாலங்களை. அந்த மணித்தியாலத்துக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது, அதை உயர்த்துவது சான்றிதழா அனுபவமா, அனுபவம் இருக்கிறது என்பதை யாரிடம் எப்படிக் காட்டுவது ஆகிய கேள்விகளைச் சேர்த்துப் பார்க்காமல் இந்தத் தொழிலின் வருமானத்தைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் ஊரில் ஒரு பயிற்றுநருக்குக் காசு வரும் வழிகள் சில உண்டு. ஜிம்மில் மாதச் சம்பளத்துக்கு நிற்கலாம். தனிப்பட்ட பயிற்சி எடுப்பவர்கள் கட்டும் தொகையில் ஒரு பங்கு பெறலாம். வீடுகளுக்குப் போய்ப் பயிற்றுவிக்கலாம். சீசன் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வேலை பார்க்கலாம். பெரும்பாலானோர் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்தே குடும்பத்தைப் பார்க்கிறார்கள்.

மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஜிம்மில் ஆட்கள் வருவது அதிகாலை 5 மணி முதல் 9 மணி வரையும், பின்னேரம் 4 மணி முதல் இரவு 9 மணி வரையும். ஆகவே பயிற்றுநர் நாளொன்றுக்கு 9 மணித்தியாலம் நிற்கிறார். மாதத்தில் 26 நாட்கள் என்றால் 234 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 171 ரூபாய்தான் வருகிறது. இடையில் கிடக்கும் 7 மணித்தியாலம் ஓய்வுபோலத் தெரிந்தாலும், அந்த நேரத்தில் வேறொரு நிலையான வேலையைப் பிடிக்க முடியாது என்பதால் அதுவும் ஒருவகையில் ஜிம்முக்குக் கொடுத்த நேரம்தான்.

அதே பயிற்றுநர் உவர்மலையிலிருந்து நிலாவெளியில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் பயிற்றுவித்து 1,500 ரூபாய் வாங்குகிறார் என்று எடுத்துக்கொள்வோம். போய்வர ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று கணக்கிட்டால் 200 ரூபாய் போகிறது. பயணத்துக்கு இன்னொரு மணித்தியாலம் சேர்கிறது. கையில் நிற்பது இரண்டு மணித்தியாலத்துக்கு 1,300 ரூபாய், அதாவது மணித்தியாலத்துக்கு 650 ரூபாய். 1,500 என்ற எண்ணைக் கேட்டு ஜிம் வேலையை உடனே விடுகிறவர்கள் இந்த 650ஐக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் அது 171ஐ விட ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதையும் ஜிம் உரிமையாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல பயிற்றுநர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று அவர்கள் கவலைப்படும்போது நான் சொல்லும் பதில் இந்தக் கணக்குத்தான்.

வீட்டுப் பயிற்சியின் வருமானத்தைத் தின்பது தூரத்தை விடக் கடைசி நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகள்தான். "தம்பி, இண்டைக்கு விருந்தாளிகள் வந்திட்டினம், நாளைக்குப் பாப்பம்" என்ற ஒரு வசனத்தோடு அன்றைய காலைப்பொழுது போய்விடும். மாதம் 12 அமர்வுகளில் 3 இப்படிக் கைவிடப்பட்டால் வருமானத்தில் கால் பங்கு போய்விடுகிறது. எட்டு அமர்வுகளுக்கான தொகையை முற்பணமாக வாங்குவதும், 12 மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவிக்காமல் விட்டால் அந்த அமர்வு எடுத்ததாகவே கணக்கிடப்படும் என்பதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுவதும் இதற்கு நான் கண்ட தீர்வுகள். உறவினர் போலப் பழகும் ஊரில் இப்படிச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாளில் சொல்லாததைப் பிறகு சொன்னால் அது மனக்கசப்பாகவே முடியும். அதோடு, ஒரே பாதையில் உள்ள வீடுகளை ஒரே காலையில் சேர்த்துக்கொள்வது பெரிய மிச்சம். அலஸ்தோட்டத்தில் ஒருவரும் உப்புவெளியில் ஒருவரும் இருந்தால் அவர்களை ஒரே நாளுக்குக் கொண்டுவர எவ்வளவு பேசவேண்டுமோ அவ்வளவு பேசுங்கள்.

இணையத்தில் வெளிநாட்டுச் சம்பளங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் வெளியிட்ட கணக்கின்படி, 2023 மே மாதத்தில் அங்குள்ள பயிற்றுநர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 46,480 டொலர். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்குவதால் பயனில்லை. அந்தத் தொகையிலிருந்துதான் அங்குள்ள வாடகையும் காப்புறுதியும் போகின்றன. கட்டாரையும் துபாயையும் மாலைதீவையும் நினைப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: அங்கே போக உங்களைத் தயார்ப்படுத்துவது சம்பளப் பட்டியல் அல்ல, காட்டக்கூடிய தகைமையும் காட்டக்கூடிய சேவைக்காலமும்தான்.

சேவைக்காலத்தைக் காட்டுவது என்றதும் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வேலைகொள்வோர் சம்பளத்தின் 12 வீதத்தையும் ஊழியர் 8 வீதத்தையும் இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் 3 வீதம் செலுத்த வேண்டும். 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைகொள்வோரின் பங்கு மட்டும் மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000 ரூபாய். நான் முதலில் வேலை செய்த இடத்தில் சம்பளம் கடித உறைக்குள் காசாக வந்தது. "நீ இன்னும் பழகுகிற பிள்ளைதானே" என்ற காரணத்தைச் சொல்லி நிதிக்கு எதுவும் செலுத்தவில்லை. பணத்தை இழந்ததை விடப் பெரிய இழப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. வேறோர் இடத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அந்தக் காலம் முழுவதையும் நான் ஜிம்மில் நின்றதற்கு ஓர் ஆவணமும் இருக்கவில்லை. நிதிக்கான மாதக் கொடுப்பனவு பதிவாகியிருந்தால், எந்த உரிமையாளரின் கடிதமும் இல்லாமலே என் அனுபவம் நிரூபிக்கப்பட்டிருக்கும். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாத வேதனம் 30,000 ரூபாய் என்பதையும், அதற்குக் கீழே கொடுப்பது சட்டத்துக்கு மாறானது என்பதையும், முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம் என்பதையும் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

இனித் தகைமைக்கு வருகிறேன். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைப் பக்கம் சுழியோட அழைத்துப்போகும் நிலையத்துக்குச் சென்றால், பயிற்றுவிப்பவர் எந்தச் சர்வதேச அமைப்பிடம் எந்தத் தரத்தில் சான்றிதழ் பெற்றவர் என்பதை முதலில் கேட்கிறோம். கடலுக்கடியில் உயிர் அவர் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதே நாம், இதயநோயும் நீரிழிவும் உள்ள ஒருவரின் தோளில் 60 கிலோ பாரத்தை ஏற்றிவிடும் பயிற்றுநரிடம் எதையும் கேட்பதில்லை. கை தடித்திருந்தால் போதும், "மாஸ்டர்" என்று அழைத்துவிடுகிறோம். இது எனக்கு நீண்ட நாளாக வேதனை தரும் விடயம்.

இலங்கையில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்களைக் கொண்டது; 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதை ஒழுங்குபடுத்துகிறது. கற்கைநெறிக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் அந்த நிறுவனமும் அந்தக் கற்கைநெறியும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு நாள் வகுப்பு எடுத்து, பொன்னிற எழுத்தில் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன; அந்தத் தாளை ஜிம்மின் சுவரில் மாட்டலாம், வேறெதற்கும் அது உதவாது. என்.வி.கியூ. முறையில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல ஏற்பாடு, முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது. வகுப்பறையில் படிக்காமல் வேலைத்தளத்தில் கற்றவர், தன் திறனுக்கான சான்றுகளைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டு அதே தகைமையைப் பெற அது வழிசெய்கிறது. ஆனால் சான்றுகளைக் காட்ட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

வெளிநாட்டுச் சான்றிதழ்களில் அமெரிக்க உடற்பயிற்சிப் பேரவையின் (ACE) பரீட்சையைப் பலர் நாடுகிறார்கள். 3 மணித்தியாலத்தில் 150 பல்தேர்வு வினாக்கள். 200 முதல் 800 வரையான புள்ளி அளவுகோலில் 500 பெற வேண்டும். பரீட்சை எழுதுவதற்குச் செல்லுபடியான இதய மீளுயிர்ப்பு (சி.பி.ஆர்.) முதலுதவிச் சான்றிதழ் தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்த பிள்ளைகளுக்குப் பாடத்தை விட ஆங்கிலம்தான் தடை. அவர்களுக்கு நான் சொல்லும் வழி, பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள தசை, என்பு, குருதிச் சுற்றோட்டப் பகுதிகளை முதலில் தமிழில் மனதில் பதியவைத்துவிட்டு, அதன் பிறகே ஆங்கில நூலைத் திறக்க வேண்டும் என்பது. பொருள் தெரிந்தவருக்குச் சொற்கள் விரைவில் வசப்படும். கட்டணம் டொலரில் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்த பலரின் பரீட்சைக் கனவு அப்படியே நின்றுபோனது.

இவ்வளவு செலவழித்துப் படிப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை ஒருவர் எங்களிடம் வந்தார். டிரெட்மில்லில் நடந்துகொண்டே திரையைக் காட்டி, "தம்பி, இது நூறைத் தாண்டுதே இல்லை, இன்னும் வேகத்தைக் கூட்டட்டா?" என்று கேட்டார். 220இலிருந்து வயதைக் கழித்து இதயத்துடிப்பின் இலக்கை எடுக்கும் வழக்கமான கணக்கின்படி அவர் போதிய அளவு உழைக்கவில்லை. ஆனால் அவருடைய முகம் சிவந்து, கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர் பிரஷருக்கு அட்டெனலோல் எடுப்பது பதிவுப் படிவத்தில் இருந்தது. அந்த வகை மாத்திரைகள் இதயத்துடிப்பை ஏறவிடாமல் அடக்கி வைப்பவை. அவற்றை எடுப்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. "வேண்டாம் ரீச்சர், மெஷினைப் பாக்காதேங்கோ. என்னோட கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமா எண்டு மட்டும் பாருங்கோ" என்றேன். மூச்சு வாங்காமல் ஒரு வசனம் பேச முடிகிற அளவே அவருக்குரிய வேகம். இதை ஜிம் தளத்தில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பரீட்சைக்காகப் படித்த நூலில் அரைப்பக்கமாக இருந்தது.

களம் மட்டுமே கற்றுத்தருபவையும் உண்டு. அந்த நூல்கள் எதிர்பார்க்கும் மனிதர் நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்பவர். திருக்கடலூரிலிருந்து வரும் கடற்றொழிலாளி அப்படிப்பட்டவர் அல்லர். இரவெல்லாம் கடலில் நின்று, விடிய வலை இழுத்து, மீனை இறக்கிவிட்டு வருபவருக்குத் தோள்வலி என்றால், முதுகுத்தசையைப் பலப்படுத்த இழுக்கும் பயிற்சிகளைக் கூட்டச் சொல்லும் வழக்கமான அட்டவணை அவரை இன்னும் வருத்தும். அவர் வேண்டிய மட்டும் இழுத்துவிட்டுத்தான் வருகிறார். அப்படி வந்த ஒருவருக்கு நான் முதற்கிழமைகளில் கொடுத்தவை தோள்மூட்டின் அசைவுக்கான இலேசான பயிற்சிகளும், கால்களுக்கான வேலையும், போதிய தண்ணீரும், நித்திரை கொள்ளாத நாளில் வரவேண்டாம் என்ற கண்டிப்பும்தான். வலி குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லி வைத்தேன். அவருடைய வேலையை அருகில் பார்த்த பயிற்றுநருக்கே இது தோன்றும்.

ஆகவே சான்றிதழா அனுபவமா என்று என்னிடம் கேட்டால், உடலுக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் படிப்பு முதலில் வரவேண்டும் என்பேன். இன்சுலின் போடுபவரின் குருதிச் சீனி பயிற்சிக்கு முன் 90 mg/dLக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாச்சத்துக் கொடுக்க வேண்டும் என்பதை அனுபவத்தால் கற்கட்டும் என்று விட முடியாது. ஒருவர் மயங்கி விழுந்து மூச்சற்றிருந்தால், 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தத் தெரியாதவர் ஜிம் தளத்தில் தனியே நிற்கக்கூடாது. இவற்றுக்குப் பிறகு வருவதெல்லாம் களத்தில்தான் வளரும்.

ஆனால் களத்தில் வளர்ந்ததை எழுதி வைக்காவிட்டால் அதற்கு விலை கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொருவருக்கும் சி.ஆர். கொப்பியில் சில பக்கங்களை ஒதுக்கி, வயது, நோய்கள், எடுக்கும் மருந்துகள், ஓய்வுநிலை நாடித்துடிப்பு, அன்றைய பாரங்கள், நித்திரை, அவர் சொன்ன வலி, அதற்காக அட்டவணையில் செய்த மாற்றம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வருகிறேன். ஆசிரியையின் பக்கத்தைப் புரட்டினால், கதிரையிலிருந்து கைப்பிடியில்லாமல் எழ முடியாதவர் படிப்படியாக எந்த நிலைக்கு வந்தார் என்பதைத் திகதி வாரியாகக் காட்ட முடியும். கட்டணத்தை உயர்த்தக் கேட்கும்போது "நான் பழைய ஆள்" என்று சொல்வதை விட அந்தப் பக்கங்கள் வலிமையாகப் பேசும். முன்கற்றல் மதிப்பீட்டுக்குப் போகும்போதும் கையில் இருக்க வேண்டியது இதுதான். மற்றவர்களிடம் காட்டுவதற்கு முன்னர் உரியவரின் அனுமதியைப் பெறுங்கள், பெயரை மறையுங்கள். ஒருவரின் நோயை ஊரறியச் செய்யும் பயிற்றுநரிடம் இரண்டாவது ஆள் வரமாட்டார்.

ஹோட்டல் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிழக்குக் கரையின் சீசன் ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் கடற்கரை வகுப்புகளும் நின்றுவிடும். சேரும்போது கேட்க வேண்டியது, 10 வீதச் சேவைக் கட்டணத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பதும், சீசன் முடிந்தால் அடிப்படைச் சம்பளம் தொடருமா என்பதும். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் சகோதரர்கள் பயிற்சியை நிறுத்துவார்கள் அல்லது இரவுக்கு மாற்றுவார்கள். அதையும் மழைக்காலத்தையும் ஆண்டின் தொடக்கத்திலேயே வருமானக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் கடன்படாமல் இருக்கலாம்.

குறைந்த சம்பளத்தை ஈடுசெய்யப் புரதத் தூள், தசை வளர்க்கும் ஊசி, மாத்திரை என்று விற்றுத் தரகுப்பணம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிராக 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. அதை விட முக்கியம், பாடசாலை வயதுப் பையனின் ஈரலும் இதயமும். சாளையும் சூரையும் அன்றாடம் கரைக்கு வரும் ஊரில், முட்டையும் பயறும் கடலையும் கடையில் இருக்கும்போது, வளரும் பிள்ளைக்கு டப்பாவை விற்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் வரக்கூடாது என்றே விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இப்போது மிகவும் தேவைப்படுபவர்கள் பெண் பயிற்றுநர்கள். நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும், ஆண்கள் நிற்கும் நேரத்தில் ஜிம்முக்கு வர முடியாத பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் வைத்தியர் சொன்னபடி உடற்பயிற்சி செய்ய வேண்டியவர்கள். ஜிம் வெறுமையாகக் கிடக்கும் அந்த 7 மணித்தியாலத்தைத்தான் பெண்களுக்கென ஒதுக்க முடியும். உரிமையாளருக்கு எந்த வருமானமும் தராத நேரம் அது என்பதால், அந்த நேரத்தை நிரப்பும் பெண் பயிற்றுநர் மாதச் சம்பளத்துக்குச் சம்மதிக்காமல் கட்டணத்தில் பங்கு கேட்கலாம். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் விளையாடிய தங்கச்சி ஒருவரை இப்படிக் கேட்கச் சொன்னேன். முதலில் முதலுதவிப் பயிற்சியை முடித்தார், பிறகு வந்தவர்களின் பதிவுகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார், அந்தக் கொப்பியோடு போய்ப் பேசினார். உரிமையாளர் முதலில் உடன்படவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்று தொடங்கியது இப்போது எழுத்திலான ஒப்பந்தமாகியிருக்கிறது. சேமலாப நிதியும் முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவும் ஜிம்மின் பொறுப்பு என்ற வரியை அவரே கேட்டு அதில் சேர்த்துக்கொண்டார்.